கர்னல் வருகிற காட்சி

பிள்ளைகளுக்குப் படம் காட்டப் போகிறேன் என்று சலவைக்கூடத்து ரோலர்காரன் அந்த வாரம் முழுக்க வீட்டில் ஆர்ப்பாட்டம் பண்ணிக்கொண்டிருந்தான். ஏதோ இவனே எடுத்து இவனே நடித்த படம் மாதிரி. கறுப்பு வெள்ளைப் படம். அரைக்கால் டவுசர் வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தது. அதற்கப்புறம் டிவியில் எப்போது போட்டாலும் சாப்பாட்டுத் தட்டோடு முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவான். நடிகர் வாயைத் திறப்பதற்குள் இவன் வசனத்தைச் சொல்லி முடித்துவிடுவான். கல்யாணமான புதிதில் மனைவியை உட்கார வைத்துக் காட்டினான். பாவம், அவள் முதல் பாட்டு முடிவதற்குள் சுவரில் சாய்ந்து தூங்கிப்போனாள். அந்த மனத்தாங்கல் அவனுக்கு இன்னும் போகவில்லை.

"பிள்ளைங்களாவது ஒழுங்கா பார்க்கட்டும்," என்றான்.

"உங்க புத்தியோட பொறந்திருந்தா பார்க்கும். என் புத்தின்னா கொறட்டை விடும். எது எந்தப் பக்கம்னு பார்ப்போம்," என்றாள் அவள்.

பெரியவள் ஒன்றாம் வகுப்பு. சின்னவன் இன்னும் பள்ளிக்கூட வாசலைக் கண்டாலே தரையில் உருளுகிற வயசு. பேசுகிற லாரியையும் சமைக்கிற பூனையையும் அம்மாவின் போனில் பார்த்து வளர்கிற ஜென்மங்கள். லாரி பேசுவதைக் கேட்டாலே இவனுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். மனுஷன் பேசுகிற படம் ஒன்றையாவது பிள்ளைகள் பார்த்துச் சிரிக்க வேண்டும், அதைத் தான் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். ஆசை அவ்வளவுதான். மச்சானிடம் கெஞ்சிக் கூத்தாடி, படத்தைப் பென் டிரைவில் ஏற்றி வாங்கி வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெளியே மழை விட்ட பாடில்லை. ஜன்னலைச் சாத்தி, ரொட்டியும் அவித்த முட்டையும் தட்டில் வைத்து, இரண்டையும் இரண்டு பக்கம் உட்கார வைத்துக்கொண்டு படத்தைப் போட்டான்.

"அப்பா, இதுக்குச் சாயம் போயிடுச்சா?" என்றாள் பெரியவள். சலவைக்காரன் மகள் வேறு எப்படிக் கேட்பாள்?

"சாயமே ஏத்தலைடி. அந்தக் காலத்துல இப்படித்தான்."

"அந்த அக்கா போட்டிருக்கிற கவுன் என்ன கலரு?"

"செவப்பு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை அவனிடம் யாரும் கேட்டதில்லை. "தெரியும்டி. சும்மா பாரு," என்றான்.

"லாரி எப்ப வரும்?" என்றான் சின்னவன்.

"இதுல லாரி வராதுடா. இதைவிட நல்லது ஒண்ணு வரும். இரு, இப்ப வரும் பாரு. இப்ப வரும்."

வந்தது. மலைமேல் ஒரு பெரிய லாட்ஜ். அதற்கு ஒரு காவல்காரன். ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பான். சண்டையில் குண்டு பட்டது என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் அளப்பான். உண்மையில் கொய்யாப்பழம் திருட ஏறி மரத்திலிருந்து விழுந்த கால். லாட்ஜே அவனைக் கர்னல் என்று கூப்பிட்டுக் கலாட்டா பண்ணும். எதிரில் வருகிறவன் ஒரு காலை மடக்கித் தடுமாறுகிற மாதிரி காட்டிச் சல்யூட் அடிப்பான். இவன் விறைப்பாகத் திருப்பி அடிப்பான், தொப்பி கீழே விழும். "யாரங்கே? நில்!" என்று அதட்டுவான். ஒருத்தரும் நிற்கமாட்டார்கள். கைத்தடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவார்கள். பின்னாலேயே இழுத்து இழுத்து ஓடிப் பொத்தென்று விழுவான். அவன் நடக்கும்போதெல்லாம் ஒரு மேளம், டொங்கு டொய்ங், டொங்கு டொய்ங் என்று அந்தக் காலுக்குத் தாளம் போடும்.

ரோலர்காரன் சிரிப்பதற்கு வாயைத் திறந்துவிட்டான். அப்போதுதான் பெரியவள் எழுந்து நின்று கத்தினாள்.

"ஐ! கர்னல் மாமா! அப்பா, நம்ம கர்னல் மாமா!"

திறந்த வாய் அப்படியே நின்றது.

கர்னல் மாமா என்பவர் வேலையிடத்தில் அவனுக்கு ஜோடி. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் லாட்ஜுகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வருகிற படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுக்கிற பெரிய சலவைக்கூடம் அது. ஒரு பக்கம் துவைக்கிற மெஷின்கள், நடுவில் ஆள் நீளத்துக்கு நாலு மடங்கு வரும் சூடான ரோலர். ஈரத் துணி ஒரு பக்கம் போகும், மறுபக்கம் சுடச்சுடக் காய்ந்து வரும். வந்ததைப் பிடித்து மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. இழுத்து உதறி, பாதியாக்கி, மறுபடி பாதியாக்கி, அப்புறம் ஒருத்தர் நடந்து போய்த் தன் முனைகளை அடுத்தவர் கையில் சேர்க்க வேண்டும். பிளீச்சிங் நெடியும் ஆவியும் கண்ணைக் கரிக்கும். வேர்வை குதிகால் வரைக்கும் இறங்கும். பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும்.

நடக்கிறது எப்போதும் ரோலர்காரன்தான். இது யாரும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு இல்லை. கர்னலுக்குச் சின்ன வயதில் காய்ச்சலில் போன கால். அவர் நின்ற இடத்தில் நெஞ்சை நிமிர்த்தி, முனைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். இவன் எட்டிப் போய்ச் சேர்த்துவிட்டு வருவான். நாள் பூராவும் இப்படித்தான்.

அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஆவிக்குள்ளிருந்து அவர் நடந்து வருவதைப் பார்த்து இவன்தான் பக்கத்தில் இருந்தவர்களிடம், "டேய், கர்னல் வராரு பாருங்கடா," என்றான். படம் பார்த்த அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தன் வாயாலேயே மேளம் தட்டினான். அவர் அருகில் வந்து, "என்னை ஏன் தம்பி கர்னல்னு சொல்றீங்க?" என்று சிரித்த முகமாகக் கேட்டபோது, இவனுக்குச் சட்டென்று வாயில் வந்தது: "நீங்க நிமிர்ந்து நிக்கிறது பட்டாளத்துக்காரர் மாதிரி இருக்குண்ணே."

அந்த மனுஷன் நம்பிவிட்டார்.

நம்பியதோடு விட்டாரா? சைக்கிள் மட்கார்டில் சிவப்புப் பெயிண்டில் கர்னல் என்று எழுதி வைத்துக்கொண்டார். அவர் தெருப் பொடிசுகள் சல்யூட் அடித்தால் சைக்கிளை நிறுத்திப் பதில் சல்யூட் அடித்துவிட்டுத்தான் போவார். கூடத்தில் பழைய ஆட்கள் தடுமாறிக் காட்டிச் சல்யூட் அடித்தாலும் அப்படித்தான். வருஷங்கள் ஓடின. சிரித்தவர்களில் பாதிப் பேர் வேறு வேலைக்குப் போனார்கள். புதுசாக வந்தவர்களுக்கு அவர் வெறும் கர்னல், அவ்வளவுதான். டிவியிலும் அந்தப் படத்தைப் போடுவதை நிறுத்திவிட்டார்கள். ரோலர்காரனே மறந்துபோனான் என்றால் நம்பமாட்டீர்கள். ஆனால் நிஜம். ஒரு கர்னல் படத்தில் இருந்தார், ஒரு கர்னல் துணியின் அந்த முனையில் இருந்தார். இரண்டு பேரும் அவன் தலைக்குள் தனித்தனி அறையில் குடியிருந்தார்கள். ஒன்றாம் வகுப்புக்காரி வந்து நடுச்சுவரை இடித்துவிட்டாள்.

"அது வேற கர்னல்டி," என்றான்.

"இல்ல, மாமாதான். இப்படித்தானே நடப்பாரு?" என்று அவள் டிவி முன்னால் ஒரு காலை இழுத்து நடந்து காட்டினாள். சின்னவன் உடனே பின்னால் சேர்ந்துகொண்டான். டொங்கு டொய்ங், டொங்கு டொய்ங்.

"ஏய்! உட்காருங்க ரெண்டும்!" என்று அவன் போட்ட கத்தலில் அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"படம் பார்த்துச் சிரிக்கணும்னு கூட்டி வச்சதே நீங்கதான். சிரிச்சா கடிக்கிறீங்க. என்னதான் வேணும் உங்களுக்கு?"

அவன் டிவியை அணைத்தான். பென் டிரைவைப் பிடுங்கிப் பீரோ மேல் வைத்தான். பெரியவளைத் தனியாகக் கூப்பிட்டு, "இதை மாமாகிட்டச் சொல்லக்கூடாது, என்ன?" என்றான்.

"ஏன்?"

"சொல்லக்கூடாதுன்னா சொல்லக்கூடாது."

குழந்தையிடம் ஒரு விஷயத்தைப் பத்திரப்படுத்த வேண்டுமென்றால் அதற்கு இதைவிட மோசமான வழி கிடையாது. அது கூட அந்த மடையனுக்குத் தெரியவில்லை.

அந்த வாரம் பூராவும் துணியின் எதிர்முனையைப் பார்க்கவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது. கர்னல் எப்போதும் போல நின்றார். "என்ன தம்பி, மூஞ்சி வெளுத்துப் போய்க் கெடக்கு, உன்னையும் மெஷின்ல போட்டுட்டாங்களா?" என்று கிண்டல் பண்ணினார். வீட்டில் கதையே வேறு. இவன் ஷிப்டுக்குக் கிளம்பினதும் பிள்ளைகள் அம்மாவை நச்சரித்துப் பென் டிரைவை எடுக்க வைத்தன. முழுப்படமும் வேண்டாமாம், கர்னல் வருகிற காட்சி மட்டும் வேண்டுமாம். திரும்பத் திரும்ப. பேசுகிற லாரியை அவர்கள் கைகழுவிவிட்டார்கள். ஆசைப்பட்டானே, கிடைத்துவிட்டது.

கர்னலின் மனைவி தன் அக்கா பிரசவத்துக்குப் போயிருந்தாள். "அண்ணன் தனியா என்னத்தைச் சாப்பிடுவாரு, ஞாயித்துக்கிழமை இங்க வரச் சொல்லுங்க," என்று மனைவி அதற்கு முன்பே சொல்லி, இவனும் கூப்பிட்டு வைத்திருந்தான். வேண்டாம் என்று சொல்ல ஒரு சாக்கு தேடினான். ஒன்றும் அகப்படவில்லை.

வந்தார். வெளுத்த சட்டை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், பிஸ்கட் பொட்டலம். சைக்கிளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, நனைந்த செருப்பை வாசலில் கழற்றி ஓரமாக வைத்தார். தரையில் உட்கார்ந்து வராத காலை நீட்டிக்கொண்டார். சின்னவன் ஓடி வந்து அந்தக் கால்மேல் குதிரை ஏறினான்.

"டேய், மாமா கால்ல ஏறாதே!" என்றான் ரோலர்காரன்.

"இருக்கட்டும் தம்பி. அந்தக் காலுக்கு வலியே தெரியாது. அதுக்கும் ஒரு வேலை வேணாமா?"

பெரியவள் அதுவரை அடக்கி வைத்திருந்தாள். குழந்தைதானே, எவ்வளவு நேரம்? அவர் காதில் போய்க் கிசுகிசுத்தாள். கிசுகிசுப்பு அடுத்த தெருவுக்கே கேட்டது.

"மாமா, நீங்க டிவியில வரீங்க."

"நானா? நான் எப்ப கண்ணு டிவியில வந்தேன்?"

"வந்தீங்க. கர்னல்னு பேரு. இப்படியே நடக்கிறீங்க. அப்பா சொல்லக்கூடாதுன்னாரு."

கர்னலுக்கு முகமெல்லாம் பல். "ஏன் சொல்லக்கூடாதாம்? என் படத்தை நான் பார்க்கக்கூடாதா? போடு, போடு."

"அந்தப் பென் டிரைவு கெட்டுப்போச்சுண்ணே," என்றான் ரோலர்காரன்.

"காலையிலகூடப் பார்த்துச்சுங்களே," என்று அடுப்படியிலிருந்து சொன்னாள் மனைவி. கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவளே சொருகி, அவளே போட்டும் விட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. குழம்பில் உப்புப் பார்த்துக்கொண்டிருந்தவள் டிவியை எங்கே பார்த்தாள்?

டொங்கு டொய்ங்.

கர்னல் முதலில் சிரிக்கத்தான் சிரித்தார். பிள்ளைகள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். சின்னவன் அவர் காலில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒவ்வொரு தடவை அந்த ஆள் விழும்போதும் தலையைத் தூக்கி, மாமாவும் சிரிக்கிறாரா என்று பார்த்தான். பார்த்தபோதெல்லாம் அவர் சிரித்துக் காட்டினார். அப்புறம் அந்தச் சல்யூட் வந்தது. ஒருவன் காலை மடக்கித் தடுமாறி அடிக்கிறான், லாட்ஜே சிரிக்கிறது. கர்னலின் கை முழங்காலிலிருந்து கொஞ்சம் எழும்பி, அப்படியே நின்று, மறுபடி முழங்காலில் இறங்கியது. ரோலர்காரன் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று இருந்தது. எழுந்து போய் அணைக்க முடியாதா? முடியும். நாலடி தூரம். ஆனால் அணைத்தால் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அந்தக் கணக்குப் போட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தான்.

காட்சி முடிந்தது.

"இன்னொரு தடவை போடு கண்ணு," என்றார் கர்னல்.

இரண்டாம் தடவை அவர் சிரிக்கவில்லை. சூப்பர்வைசர் கறை பார்ப்பதற்காக வெள்ளைத் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார். சின்னவன் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, அவனும் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

"மாமாவுக்குப் பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்குடா கண்ணா. நல்லா நடிச்சிருக்காரு."

சாப்பிட்டார். கோழி நன்றாக வெந்திருக்கிறது என்றார். மறுசோறு போட்டுக்கொண்டார், தட்டைக் கழுவி வைத்தார், வாழைப்பழத்தை உரித்துப் பெரியவள் கையில் கொடுத்தார். "வரேம்மா," என்று அடுப்படிப் பக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தார். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. ரோலர்காரனும் பின்னாலேயே வந்தான்.

"பேரு வச்சது யாரு தம்பி?"

"அது... பழைய ஆளுங்க யாரோண்ணே. எனக்குச் சரியா ஞாபகமில்ல."

இந்த வயதில், தன் வீட்டு வாசலில், தான் போட்ட சோற்றைத் தின்றுவிட்டு நிற்கிற மனுஷனிடம் பொய். சொல்லி முடிக்கும்போதே காது மடல் சுட்டது.

கர்னல் சைக்கிள் சீட்டை உள்ளங்கையால் துடைத்தார். "நீதான் தம்பி சொன்ன. பட்டாளத்துக்காரர் மாதிரி நிக்கிறேன்னு. எனக்கு மறக்குமா அது? அன்னிக்கு வீட்டுக்குப் போனதும் எங்க வீட்டு ஆளுகிட்டச் சொன்னேன். நின்னு காட்டினேன்கூட."

"அண்ணே..."

"ஸ்கூல்ல, தெருவுல, முன்னாடி வேலை பார்த்த எடத்துல எல்லாம் எனக்கு ஒரே பேருதான். என்ன பேருன்னு உனக்கே தெரியும். வாழ்க்கையில மொத தடவையா, காலைப் பத்தி இல்லாத பேரு ஒண்ணு கெடைச்சுதுன்னு நினைச்சேன்." அவர் குரல் உயரவே இல்லை. "எல்லாருக்கும் தெரியுமா?"

"பழைய ஆளுங்களுக்கு மட்டும்..."

"அப்ப எனக்கு மட்டும்தான் தெரியாது. சரி."

"அண்ணே, நான் அன்னிக்கு வெளையாட்டா... அப்புறம் சத்தியமா மறந்தே போச்சுண்ணே. எனக்கு நீங்கதான் கர்னல். அந்த ஆளு இல்ல."

"மழை வலுக்கும் போலிருக்கு," என்று சொல்லி அவர் சைக்கிளில் ஏறினார். நல்ல காலால் மிதித்து மிதித்துப் போனார். மட்கார்டில் அந்தச் சிவப்பு எழுத்து நனைந்து பளபளவென்று இருந்தது. தெருமுனையில் இரண்டு பொடிசுகள் ஓட்டுக்கடியில் ஒதுங்கி நின்று சல்யூட் அடித்தார்கள். அவர் இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டே போய்விட்டார்.

உள்ளே வந்தபோது மனைவி டிவி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். காட்சி ஓடிக்கொண்டிருந்தது. கல்யாணமான புதிதில் தூங்கிப்போய் விட்டதை இப்போது கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பேரை நீங்களா வச்சீங்க?"

அவன் ஈரத் தலையைத் துண்டால் துவட்டிக்கொண்டே இருந்தான்.

"நான் அந்த மனுஷனை வாய் நெறையக் கர்னல்ணே, கர்னல்ணேன்னுதானே கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன். மரியாதைன்னு நினைச்சு. என் வாயையும் சேர்த்து அசிங்கம் பண்ணிட்டீங்களே. போதாததுக்குப் பிள்ளைங்களுக்கு வேற சொல்லிக் கொடுத்தாச்சு." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இனிமே அவரை என்னன்னு கூப்பிடறது? சொல்லுங்க. என்னன்னு கூப்பிடறது?"

பெரியவள் உரித்த பழத்தைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் சொல்லிட்டேன்னு அப்பாவுக்குக் கோவமா?" என்று கேட்டாள். "உன் மேல ஒண்ணும் இல்லடி," என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லக்கூட வாய் வரவில்லை அந்த வசனப் புலிக்கு.

மறுநாள் அவன் சீக்கிரமே வேலைக்குப் போனான். சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் நின்று மட்கார்டைத்தான் முதலில் பார்த்தான். சுரண்டியிருப்பார் என்று நினைத்தான். சுரண்டவில்லை. எழுத்து அப்படியே இருந்தது. சுரண்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

உள்ளே எல்லாம் எப்போதும் போலத்தான். "கர்னல், ஆஸ்பத்திரி மூட்டை வந்துடுச்சு!" என்று யாரோ கத்தினார்கள். "வரட்டும், வரட்டும்," என்று இவர் பதில் கத்தினார். பழைய டிரையர்காரன் தடுமாறிக் காட்டிச் சல்யூட் வைத்தான். கர்னல் அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். வேறொன்றும் செய்யவில்லை. டிரையர்காரன் தூக்கின கையை என்ன செய்வதென்று தெரியாமல் பிடரியைச் சொறிந்துகொண்டு போனான்.

ரோலர் சூடேறியது. முதல் விரிப்பு வெளியே வந்தது. ஆளுக்கு இரண்டு முனை பிடித்தார்கள். இழுத்தார்கள், உதறினார்கள், பாதியாக்கினார்கள், மறுபடி பாதியாக்கினார்கள். ரோலர்காரன் வழக்கம் போல நடக்கக் காலை எடுத்தான்.

"நீ இரு," என்றார் கர்னல். "நான் வரேன்."

"வேணாம்ணே, நான்..."

"நான் வரேன்னேன்ல."

வந்தார். காலை இழுத்து, உடம்பை ஒரு பக்கம் தூக்கி, மறுபடி இழுத்து. துணியின் முனைகளை அவன் கையில் சேர்த்தார். திரும்பி நடந்து போய்த் தன் இடத்தில் நின்று அடுத்ததைப் பிடித்தார். மறுபடி வந்தார். முனையும் முனையும் சரியாகச் சேர வேண்டுமென்றால் எதிரில் வருகிறவரைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். கண்ணை மூட முடியாது, முகத்தைத் திருப்ப முடியாது. அவர் ஒவ்வொரு தடவை காலை இழுக்கும்போதும், அவன் எவ்வளவு தடுத்தும் கேட்காமல், மண்டைக்குள் அந்தப் பாழாய்ப்போன மேளம் அடித்தது. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. சிரிப்பு வரவில்லை, சத்தியமாக வரவில்லை. ஆனாலும் மேளம் நிற்கவில்லை.

அவர் கோபமாக இருந்த மாதிரியும் தெரியவில்லை. வேர்வை வழிந்தது, மூச்சு வாங்கியது. டீ நேரத்துக்குள் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். அடுக்கு ஏறிக்கொண்டே போனது. மூட்டை குறைவதாக இல்லை.

ஒரு பெரிய விரிப்பு வந்தது. அவர் பாதி தூரத்தில் காலை ஊன்ற முடியாமல் ஒரு கணம் நின்றார். ரோலர்காரனுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. கையிலிருந்த முனைகளோடு ஓடிப்போய் வாங்கிக்கொள்ளலாம் என்று ஓரடி முன்னால் வைத்தான்.

"நில்லு."

மெஷின் சத்தத்தையும் மீறி அது கேட்டது. படத்தில் அந்த ஆள் எத்தனை தடவை கத்தினாலும் ஒருத்தரும் நின்றதில்லை.

அவன் நின்றான். கர்னல் மூச்சை இழுத்துக்கொண்டு, முனைகளை நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, மிச்ச தூரத்தையும் நடந்து வந்தார்.